கண் களைத்தால் என்ன... காது இருக்கிறதே!

படிக்க முடியாமல் போன பெரியவர்களுக்கு ஒலிப்புத்தகம் எப்படிக் கைகொடுக்கும்? அதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

உங்கள் வீட்டில் 'புத்தகப் புழு' என்று பேர் வாங்கிய பெரியவர் யாராவது உண்டா? அப்பா, மாமியார், பெரியப்பா, யாராக இருந்தாலும் சரி. கொஞ்ச நாளாக அவரைக் கவனித்துப் பாருங்கள். காலையில் பேப்பரை விரிக்கிறார். அரை மணி நேரம் ஆகியும் அதே பக்கம்தான். அப்புறம், "இப்பல்லாம் பேப்பர்ல என்னப்பா இருக்கு?" என்று மடித்து வைத்துவிடுகிறார்.

பேப்பரில் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. எழுத்துதான் அவருக்குத் தெரியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல மனசு இடம் கொடுக்கவில்லை.

சாந்தோம், மயிலாப்பூர் பக்கத்து அடுக்குமாடிகளில் இந்தக் காட்சியை நிறையப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. வீட்டில் வயதான இரண்டு பேர். அம்பது வருஷமாகப் படித்துப் பழகிய மனிதர், படிப்பு நின்றதும் மெதுவாக எல்லாவற்றிலிருந்தும் விலகிவிடுகிறார். யாரோடும் பேச்சில்லை, பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பு. நாம் என்ன செய்கிறோம்? "டி.வி. பாருங்களேன்" என்று ரிமோட்டைக் கையில் கொடுக்கிறோம். நாடகமும் விஞ்ஞானமும் படித்து வளர்ந்த மூளைக்கு மாமியார்-மருமகள் சண்டை எத்தனை நாள் போதும்?

அவருக்குப் படிப்பைத் திருப்பிக் கொடுக்க முடியும், காது வழியாக. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் கண் டாக்டர்

"வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சு" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காரணம் நாலைந்து உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

* கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். புதுக் கண்ணாடியோடு பிரச்னை தீர்ந்தது.

* புரையாக இருக்கலாம். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலானவர்கள் மறுபடி நன்றாகப் படிக்கலாம்.

* சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை விழித்திரையைக் காட்டியாக வேண்டும். ஆரம்பத்தில் இந்த நோய் வலிக்காது, சொல்லாமல் வரும்.

* கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. இதில் போன பார்வை திரும்பாது. மீதி இருப்பதைக் காப்பாற்றலாம். அதனால்தான் அவசரம்.

* விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்திருக்கலாம். இதுதான் வீட்டாரைக் குழப்புகிற நோய். பெரியவர் ஹாலில் தாராளமாக நடப்பார், நாற்காலியில் இடித்துக்கொள்ள மாட்டார். ஆனால் எழுத்தைப் பார்த்தால் நடுவில் கறுப்புத் திட்டு. "நல்லாத்தானே நடக்கிறாரு, படிக்க மட்டும் சோம்பேறித்தனம்" என்று பழி வந்து சேரும், பாவம்!

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. 200 வருஷத்துக்கு மேலாகக் கண் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு பரிசோதனையைத் தள்ளிப் போடலாமா? டாக்டர் பார்த்து, "இதற்கு மேல் எழுத்து படிப்பது சிரமம்தான்" என்று சொன்னாலும் மனம் தளர வேண்டாம். புரை ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற மாதங்களிலும் காதுப் படிப்பு கைகொடுக்கும்.

"கேட்பது படிப்பாகுமா?"

நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. கேட்பது ஏதோ குறுக்கு வழி என்று நினைப்பு. ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2016-ல் அமெரிக்காவில் 91 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரே புத்தகத்தின் பகுதியை ஒரு குழு படித்தது, ஒரு குழு கேட்டது, மூன்றாவது குழு படித்துக்கொண்டே கேட்டது. உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் கேள்வி கேட்டுப் பார்த்ததில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. 2019-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூளையை ஸ்கேன் செய்தே பார்த்தார்கள். ஒரு கதையைக் கேட்டாலும் சரி, படித்தாலும் சரி, சொல்லின் பொருளை உணரும் மூளைப் பகுதிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2010-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு பாடக் கட்டுரையைக் கேட்ட மாணவர்கள், அதையே படித்தவர்களைவிடக் குறைவான மார்க் வாங்கினார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர் கடினமான வரியில் நின்று, திரும்பிப் போய், கோடு போட்டுப் படிப்பார். ஒலி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பரீட்சைப் பாடத்துக்கு எழுத்தே உசத்தி. ரசித்துத் தெரிந்துகொள்வதற்குக் காது தாராளமாகப் போதும்.

இதெல்லாம் நமக்குப் புதுசா?

1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், அடுத்த வருஷமே அதன் உபயோகங்களைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்று, பார்வை இல்லாதவர்களுக்காகப் பேசும் புத்தகம். அமெரிக்காவில் 1934-ல் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் இசைத்தட்டில் வந்தபோது முதல் வரிசையிலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்கள் இடம் பிடித்தன. இங்கிலாந்தில் 1935-ல் இந்தச் சேவை தொடங்கியது. முதல் உலகப் போரில் கண்ணை இழந்த சிப்பாய்கள்தான் அதற்கு முக்கியத் தூண்டுதல். இதில் ஒரு வேடிக்கை தெரியுமா? மெதுவாகச் சுற்றும் நீண்ட நேர இசைத்தட்டு பாட்டு ரசிகர்களுக்குக் கடையில் கிடைத்தது 1948-ல். பார்வையற்றவர்கள் அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னாலேயே அதில் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

நம் ஊர் மட்டும் சளைத்ததா? 1930-களில் மேடை நாடகங்களைத் துண்டு துண்டாக்கி 'நாடக செட்' என்று கிராமபோன் தட்டுகளில் விற்றார்கள். ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு முழு நாடகத்தையும் கேட்டார்கள். பிறகு சினிமாக் கதை வசனம் தட்டிலும் கேசட்டிலும் வந்தது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தைப் பார்க்காமலே தருமி காட்சியை முழுசாக ஒப்பிக்கிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருப்பார்கள். கோவில் திருவிழா மைக்கில் கேட்டே மனப்பாடம் ஆனது அது.

சாந்தோம் பேராலயத்திலிருந்து கலங்கரை விளக்கத்தை நோக்கி நடந்தால், காமராஜர் சாலையில் இருக்கிறது சென்னை வானொலி நிலையம். 1938-ல் எழும்பூரில் தொடங்கி, 1954-ல் இந்தக் கடற்கரைக் கட்டடத்துக்கு வந்தது. தி. ஜானகிராமனும் அகிலனும் சம்பளம் வாங்கி வேலை பார்த்த இடம். வானொலி நாடகத்துக்காகவே ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்த தலைமுறை ஒன்று இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் அந்தத் தலைமுறைதான். காதால் கதை கேட்க அவருக்குப் புதிதாகப் பயிற்சி வேண்டாம். பழைய பழக்கத்தைத் தூசி தட்டினால் போதும்.

ஏன் நாடகம்? ஏன் விஞ்ஞானம்?

எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனாலும் ஆரம்பிப்பதற்கு இந்த இரண்டும் வெகு பொருத்தம். இரண்டுமே வாயில் பிறந்து, பிறகு ஏட்டுக்குப் போனவை.

நாடகத்தில் ஆளுக்கொரு குரல். ராஜா, ராணி, வில்லன், விதூஷகன் என்று குரல் மாறும்போதெல்லாம் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரே குரல் ஒரு மணி நேரம் ஓடினால் வருகிற தூக்கம் இதில் சட்டென்று வராது. நம் பழைய நாடகங்களில் பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா', 'சபாபதி' இரண்டும் பெரியவர்களுக்குப் பேரைக் கேட்டாலே முகம் மலரும். அவர் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர். அதே வருஷம்தான் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளியானது. அது செய்யுள் நாடகம். தமிழில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

விஞ்ஞானத்தில் உள்ள வசதி வேறு. நாவல் என்றால் முந்தாநாள் கேட்ட அத்தியாயம் ஞாபகம் இருந்தாக வேண்டும். ஜனரஞ்சக விஞ்ஞானத்தில் ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனி. இன்று தேனீ, நாளைக்கு நிலா. ஞாபகம் சற்று மங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தமிழில் இந்த எழுத்தை வளர்த்த பெ. நா. அப்புசாமி (1891-1986) வாழ்க்கையெல்லாம் செய்தது இதைத்தான்: கடினமான விஷயத்தை எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொன்னார். 1991-ல் ஆல் இந்தியா ரேடியோ மனிதனின் பரிணாம வளர்ச்சியை நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளாக, தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலிபரப்பியது. படமே இல்லாமல் விஞ்ஞானத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

ஆங்கிலம் தெரிந்த பெரியவரா? மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசிய பேச்சுகளைப் போட்டுக் கொடுங்கள். லண்டனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காகப் பேசியது. ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஆரம்பிக்கிறவர், நாம் மூச்சு விடுவதும் மெழுகுவர்த்தி எரிவதும் ஒரே மாதிரி வேலைதான் என்று கொண்டுபோய் முடிக்கிறார். பேரன் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரு வாரம் பொழுது போகும்.

காதையும் காட்டுங்கள்

கண்ணின் வேலையைக் காதுக்கு மாற்றுகிறோம். அந்தக் காது சரியாக இருக்கிறதா?

வயதானால் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து நழுவும். 'பால்' என்றது 'கால்' என்று கேட்கும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்று அவர் சொன்னால் அடையாளம் இதுதான். இதற்கு வால்யூமைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை. வேகத்தைக் குறைத்தால் புரியும்.

காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சில பேருக்குக் காதில் அடைத்த குறும்பியை எடுத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். (ஹேர்பின், தீக்குச்சி, காய்ச்சின எண்ணெய்... மூச்!) காது கேட்கும் கருவி வேண்டும் என்றால் வெட்கப்படாமல் வாங்கிக் கொடுங்கள். 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழி வகுக்கிற, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. கவனிக்காமல் விட்ட காது மந்தம், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, தனிமை, மூன்றுமே அதில் இருக்கின்றன. ஒலிப்புத்தகம் கேட்டால் மறதி நோய் வராது என்று யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் கண்ணையும் காதையும் கவனித்து, மனிதரைப் பேச்சுத் துணையோடு வைத்திருப்பது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை.

சத்தத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். அமைதியான அறையில் ஸ்பீக்கரில் கேட்டால் பிரச்னையே இல்லை. டிராஃபிக் இரைச்சலை அமுக்க இயர்போனில் சத்தத்தைக் கூட்டும்போதுதான் ஆபத்து.

எப்படி ஆரம்பிப்பது?

* முதல் நாள் 10 நிமிஷம் போதும். சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அவரே கேட்பார்.

* காலை பத்து மணி, மாலை நாலு மணி நல்ல நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் தாலாட்டுதான்.

* வேகத்தை 0.8 அல்லது 0.9-ல் வைத்துப் பாருங்கள். அவருக்கு எது சௌகரியமோ அதுவே சரி.

* நாடகம் என்றால் பாத்திரங்களின் பெயரை முதலில் ஒரு தரம் சொல்லிவிடுங்கள். 'மகன், மந்திரி, சிற்றன்னை' என்று உறவோடு சொன்னால் குழப்பம் வராது.

* நிறுத்துகிற, பின்னால் போகிற பட்டனை அவர் விரலே கண்டுபிடிக்க வேண்டும். போனில் முடியவில்லையா? பெரிய பட்டன் வைத்த பிளேயர் வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தால் இரண்டே நாளில் "வேண்டாம்மா" என்பார். கட்டுப்பாடு அவர் கையில் இருக்கட்டும். அதுதான் மரியாதை.

* அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சர்க்கரை, மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரே இடத்தில் உட்காருவது ஆகாது.

* காதில் மாட்டிக்கொண்டு மாடிப்படி, பாத்ரூம், சாந்தோம் நெடுஞ்சாலை மூன்றும் கூடவே கூடாது. பார்வை குறைந்தவருக்குக் காதுதான் பஸ் வருவதையும் சொல்கிறது.

* ராத்திரி என்றால் தானே நின்றுவிடும் 'ஸ்லீப் டைமர்' வையுங்கள். படுக்கும் நேரத்தில் கொலை நாடகம் வேண்டாம்!

* கேட்டு முடித்ததும், "என்ன ஆச்சு கதையில?" என்று கேளுங்கள். மறக்கக்கூடாத விஷயம் இது. ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டு நாம் நம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் தனிமைக்கு இன்னொரு மெஷினைச் சேர்த்ததுதான் மிச்சம்.

எங்கே கிடைக்கும்?

2016-ல் இந்திய அரசு 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. அச்சைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகிப் பல இந்திய மொழிப் புத்தகங்களைப் பெறலாம். 'டெய்ஸி' முறையில் உள்ள புத்தகங்களில் அத்தியாயம், பக்கம் என்று தாவித் தாவிப் போகிற வசதி உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காப்புரிமை முடிந்த ஆங்கில நூல்களை 2005-ல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' தன்னார்வலர்கள் இலவசமாகப் படித்துத் தருகிறார்கள். நாடகம் என்றால் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் படிப்பதும் உண்டு.

ரொம்ப நல்ல வழி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நீங்களே படித்துப் பதிவு செய்யுங்கள்! பம்மல் சம்பந்த முதலியார் காலமானது 1964-ல். ஆசிரியர் மறைந்து 60 வருஷம் என்கிற நம் காப்புரிமைக் கணக்கு 2024-ஓடு முடிந்துவிட்டது. 'மனோகரா'வை எடுத்து, ராஜா வேஷம் அண்ணனுக்கு, ராணி வேஷம் அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டு போனில் பேசி அனுப்புங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத ஒலிப்புத்தகம் அது.

உங்கள் சந்தேகம்

என் புத்தகத்தை எனக்காக ஒலியாக மாற்றுவது சட்டப்படி சரியா?

சரிதான். ஊனமுற்றவர்களுக்காகப் புத்தகத்தை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். இதற்காகவே 2013-ல் உருவான சர்வதேச மராக்கேஷ் ஒப்பந்தத்தை முதன்முதலில், 2014-ல், உறுதி செய்த நாடு இந்தியாதான்.

பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறான். ஒலிப்புத்தகம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவானா?

ஆக மாட்டான். 'டிஸ்லெக்ஸியா' இருக்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். புத்தகத்தை எதிரில் விரித்து, விரலை வரியில் ஓட்டிக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். வாசிப்புப் பயிற்சியையும் நிறுத்தக் கூடாது.

ஒலிப்புத்தகத்தில் சர்க்கரைக்கு ஒரு மருந்து சொன்னார்கள். அப்பா மாத்திரையை நிறுத்தட்டுமா என்கிறார்!

கேட்பது அறிவுக்கு. மாத்திரை டாக்டரோடு. கேட்டதைக் குறித்துக்கொண்டு அடுத்த செக்கப்பில் டாக்டரிடமே கேளுங்கள்.

பக்கவாதம் வந்த அம்மாவுக்குப் போடலாமா?

பேச்சைப் புரிந்துகொள்கிற மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் தொடர்ந்து வரும் பேச்சே எரிச்சல் தரலாம். டாக்டரிடமும் பேச்சுப் பயிற்சி தருபவரிடமும் கேட்டு, சின்னச் சின்னத் துண்டாக ஆரம்பியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பெரியவரிடம் போய், "நீங்க கடைசியா ரசிச்சுப் படிச்ச புத்தகம் எது?" என்று கேளுங்கள். பதில் வர நேரமானால், கண் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டை அன்றைக்கே வாங்குங்கள். பதில் சட்டென்று வந்தால், அந்தப் புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.